வண்டியைவிட்டு இறங்காதவனின் பாட்டு

என் காரில் முன் இருக்கைகள் இரண்டுக்கும் நடுவே இருக்கும் பெட்டிக்குள், டிஷ்யூ தாளுக்கும் கசங்கிய ரசீதுகளுக்கும் அடியில், ஒரு சிடி கிடக்கிறது. உறை கிடையாது. மேலே அச்சடித்திருந்ததெல்லாம் தேய்ந்துபோய், ஒரு குதிரை லாடத்தின் படமும் பாடியவர் பெயரின் கடைசிப் பாதியும் மட்டும் மிச்சம். திருப்பிப் பார்த்தால் ஸ்க்ரூடிரைவர் இழுத்த நீளமான கீறல் ஒன்று தெரியும். இந்தக் கார் புதிது. சிடி போடுவதற்கு இதில் வாயே கிடையாது. காரைத் துடைக்கும்போதெல்லாம் என் கணவர், "இத தூக்கிப் போட்டுடட்டுமா?" என்று கேட்பார். எனக்குச் சுர்ரென்று வரும். அந்தக் கோபம் அவர்மேல் அல்ல. அது வேறு சிலர்மேல் எனக்கிருக்கும் பழைய கோபம், ஆறாமல் அப்படியே இருக்கிறது.

சிடி அண்ணாச்சியுடையது. ஆபீஸில் எல்லோரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவோம். ஹைதராபாத்காரர்களும் அப்படியே கூப்பிட்டார்கள், சீனத்துப் பெண் ஒருத்திகூட 'அன்னாசி' என்று கூப்பிட்டாள். கோவில்பட்டிப் பக்கம் சொந்த ஊர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். நாங்கள் டெக்சஸ் மாநிலத்து ஃபிரிஸ்கோவில் ஒரே குடியிருப்பில் இருந்தோம். எங்கள் வீட்டில் அப்போது ஒரே கார், அதையும் என் கணவர் ஃபோர்ட் வொர்த் வரை ஓட்டிக்கொண்டு போய்விடுவார். அதனால் தினமும் காலையில் அண்ணாச்சி வண்டியில் ஏறிக்கொள்வேன். ஓட்டுகிறவர் வைப்பதுதான் பாட்டு என்பது கார்பூலின் எழுதாத சட்டம். அண்ணாச்சி வைத்தது எப்போதும் இந்த ஒரே சிடி. பழைய பாணி கன்ட்ரி பாட்டுகள், அதாவது அமெரிக்க நாட்டுப்புறத்துப் பாட்டுகள், மொத்தம் ஓர் ஆல்பம், முடிந்தால் மறுபடி முதலிலிருந்து.

இது அவர் தேடிப்போய் வாங்கியதல்ல. அமெரிக்கா வந்த புதிதில் அவருக்கு வேலை மேற்கு டெக்சஸில் ஒரு பொட்டல் ஊரில். அங்கே மாட்டுப் பண்ணைக்காரர் ஒருவரிடமிருந்து பழைய பிக்கப் டிரக் ஒன்றை வாங்கியிருக்கிறார். அதன் பிளேயருக்குள் இந்தச் சிடி மாட்டிக்கொண்டிருந்தது. எந்தப் பட்டனை அமுக்கினாலும் வெளியே வராது. ரேடியோவுக்கான ஏரியலும் முறிந்துபோயிருந்தது. கேட்டால் இதைக் கேட்க வேண்டும், இல்லையென்றால் காற்றுச் சத்தத்தைக் கேட்க வேண்டும். வருஷக்கணக்கில் அப்படி ஓட்டியிருக்கிறார். கடைசியில் டிரக் படுத்துவிட்டது. காயலான் கடைக்குக் கொடுக்கும் முன்பு பிளேயரை நெம்பிப் பிரித்து அவரே சிடியை எடுத்தார். அந்த அவசரத்தில் விழுந்ததுதான் கீறல். "மொதல்ல சனியன் எப்போ வெளிய வரும்னு இருந்துச்சு. பொறகு எங்க வெளிய வந்துருமோன்னு ஆயிப்போச்சு" என்பார்.

எனக்கும் முதலில் பிடிக்கவில்லை என்பதை மறைப்பானேன். மூக்கால் பாடுகிற குரல், இழுத்து இழுத்து அழுகிற ஸ்டீல் கிடார், நடுவே ஒரு ஃபிடில். சினிமாப் பாட்டிலேயே வளர்ந்த சென்னைக்காரிக்கு இதில் என்ன இருக்கிறது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன். ஆனால் ஒரு விஷயம் மெல்ல உறைத்தது. ஆங்கிலப் பாட்டு ஒன்றில் ஒவ்வொரு சொல்லும் எனக்குப் புரிந்தது அதுதான் முதல் தடவை. அந்த மனிதர் அவசரப்படாமல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுபோல் பாடினார். பாடியதும் என்ன பெரிய விஷயம்? வேலி சாய்ந்துவிட்டது. மழை இல்லை. சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போன மாடு திரும்பிப் பார்த்தது, விற்க மனம் வரவில்லை. பெண்டாட்டி கோபித்துக்கொண்டு போனாள், தப்பு என்மேல்தான், ஆனால் அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, நாயிடம் சொன்னேன். இதையெல்லாம் மீசை வைத்த ஆம்பிளை ஒருவர் வெட்கப்படாமல் ஊரறியச் சொல்கிறார். நம்மில் எத்தனை ஆண்கள் சொல்லியிருக்கிறார்கள்? எங்கள் பக்கத்துச் சாவு வீடுகளில் பெண்கள் ஒப்பாரி வைக்கும்போது, செத்தவன் வாங்கிவைத்த கொடிக்கம்பி முதல் வாங்காமல் ஏமாற்றிய வளையல் வரை எல்லாம் வந்துவிடும். அதே சங்கதிதான் இது, கையில் கிடாரோடு. அந்த ஆல்பத்தைக் கேட்கிறவர்களுக்கு அது ஏன் பிடித்துப்போகிறது என்று யாராவது என்னைக் கேட்டால், அதில் யாரும் யாருக்கும் புத்தி சொல்வதில்லை என்பேன். நடந்ததைச் சொல்லிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள்.

ஒருநாள் பெட்ரோல் பங்கில் வண்டிக் கதவு திறந்திருந்தது, பாட்டு வெளியே கேட்டது. பக்கத்தில் நின்ற தொப்பிக்காரர் ஒருவர் சிரித்துக்கொண்டே, "உனக்கு இது புரிகிறதா?" என்று அண்ணாச்சியைக் கேட்டார். அண்ணாச்சி நிதானமாக, "உங்களுக்குப் புரிகிறதா?" என்று ஆங்கிலத்தில் திருப்பிக் கேட்டார். அந்த ஆள் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தொப்பியைத் தொட்டுவிட்டுப் போனார். அந்தத் தொப்பிக்காரர்மேல் எனக்குக் கோபமில்லை. கேட்க நினைத்ததை முகத்துக்கு நேரே கேட்டார். என் கோபத்துக்குரியவர்கள் நன்றாகப் படித்தவர்கள்.

ஆல்பத்தின் ஐந்தாவது பாட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தம்பி ஒருவன். அண்ணனோடு நிலத் தகராறு, பல வருஷமாகப் பேச்சில்லை. ஒருநாள் ராத்திரி மனசு கேட்காமல் நெடுந்தூரம் ஓட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வருகிறான். வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்துகிறான். எஞ்சினை அணைக்கிறான். உட்கார்ந்திருக்கிறான். அங்கேதான் கீறல், சிடி ஒரு வரியைத் தாண்டிக் குதிக்கும். அடுத்து, அவன் வண்டியைத் திருப்பிக்கொண்டு விடியும்போது தன் வீட்டுக்கே வந்து சேர்கிறான். பாட்டு முடிந்தது. இந்த இடம் வரும்போதெல்லாம் அண்ணாச்சி ஸ்டியரிங்கைத் தட்டி, "எறங்குல, மூதி. அவ்வளவு தூரம் வந்துட்டு எறங்க வேண்டியதானல" என்று பாடகரைத் திட்டுவார். ஒருநாளும் தவறியதில்லை. டோல்வே நெடுஞ்சாலையில் நூறு வண்டி ஓடிக்கொண்டிருக்கும், இவர் டேஷ்போர்டைப் பார்த்துக் கத்திக்கொண்டிருப்பார். எனக்குச் சிரிப்பாக வரும்.

அவருக்கும் ஓர் அண்ணன் உண்டு என்பது பிறகுதான் தெரிந்தது. அப்பா செத்த பிறகு பாகம் பிரித்ததில், பொதுக் கிணற்றில் யாருக்கு எந்த நாள் தண்ணீர் என்று ஆரம்பித்த சண்டை. "கெணறு வத்திப் போயி எத்தனையோ வருசமாச்சு. சண்ட வத்தல பாத்துக்கோ" என்று ஒருமுறை சொன்னார். அதற்குமேல் நான் கேட்கவில்லை. மறுநாளும் ஐந்தாவது பாட்டு வந்தது, மறுநாளும் திட்டினார். அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அண்ணாச்சி ஓய்வு பெறும் நாள் வந்தது. மனைவி இல்லை, நாட்டின் கிழக்குக் கோடியில், எடிசனில் இருக்கும் மகள் வீட்டோடு போவதாக ஏற்பாடு. எங்கள் ஆபீஸில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. விட்டுப் போகிறவருக்குப் பெரிய ஹாலில் மத்தியானச் சாப்பாடு; அப்போது அவர் கேட்கும் பாட்டுகள்தான் ஓடும். லூயிசியானாக்காரர் ஒருவர் தங்கள் ஊர்ச் சாவு ஊர்வலத்தில் வாசிக்கும் பேண்டு இசையைக் கேட்டார், ஓடியது. இன்னொருத்தன் காது கிழியும் ராக் இசை கேட்டான். தலைவலியோடு சாப்பிட்டோம், யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பாட்டுக்குப் பொறுப்பு என்னுடையது. அண்ணாச்சி காலையில் வண்டியிலிருந்து இறங்கும்போது சிடியை வெளியே எடுத்து, புடவைத் தலைப்பில் முடிந்துகொள்ளச் சொல்வது போன்ற ஜாக்கிரதையோடு என் கையில் கொடுத்தார். "முழுசும் வேண்டாம்மா. அஞ்சாவது மட்டும் போதும். எல்லாரும் ஒருதடவ கேக்கட்டும்."

இதில் யாருக்கு என்ன கஷ்டம்? எங்கள் டைரக்டருக்குக் கஷ்டம் வந்தது. சென்னைக்காரர்தான், தமிழர்தான். கலிஃபோர்னியாவில், மில்பிடாஸில் பல வருஷம் இருந்துவிட்டு டெக்சஸுக்கு வந்தவர். டெக்சஸ் வந்ததைப் பதவி உயர்வாகவும் தண்டனையாகவும் ஒரே சமயத்தில் நினைப்பவர். என்னை அறைக்குக் கூப்பிட்டார்.

"மியூசிக் லிஸ்ட் பாத்தேன். அந்த கவ்பாய் பாட்டு வேணாம். கலிஃபோர்னியாலேந்து வைஸ் பிரசிடென்ட் வராங்க. ஒரு இண்டியன் சீனியர் எஞ்சினியர் போய் ரெட்நெக் மியூசிக் போட்டா எப்படி இருக்கும்? சிரிப்பாங்க. நம்ம கல்ச்சர ஷோகேஸ் பண்ண இது ஒரு சான்ஸ்."

"அவர் கேட்டது ஒரே ஒரு பாட்டு சார். எல்லாருக்கும் அவங்க கேட்டதைத்தான போட்டோம்."

"அவருக்கு என்ன தெரியும், பாவம். நாம சர்ப்ரைஸ் குடுப்போம். டோல் ஆள் புக் பண்ணியாச்சு."

ரெட்நெக் என்றால் பட்டிக்காட்டான் என்கிற ஏளனம். டோல் என்றால் பஞ்சாபி மேளம். அண்ணாச்சி தன் வாழ்நாளில் ஒரு ஹிந்திப் படம் முழுதாகப் பார்த்ததில்லை. கல்ச்சர் என்று இவர்கள் சொல்லும் சரக்கு எந்தக் கடையில் கிடைக்கிறது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. நம்மூரில் கரகாட்டமும் நையாண்டி மேளமும் நடந்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு ஏசிக் காரில் கண்ணாடியை ஏற்றுகிறவர்கள் இவர்கள். இங்கே வந்து, இந்த ஊர்க் குடியானவன் பாட்டைக் கேட்டாலும் அதே மூக்கை அதே கையால் பிடிக்கிறார்கள். வரப்போகிற கலிஃபோர்னியா வைஸ் பிரசிடென்ட் அம்மாளும் கன்ட்ரி என்றால் முகம் சுளிப்பவர்தான், அதை நான் முன்பே மீட்டிங்கில் பார்த்திருக்கிறேன். இரண்டு நாட்டுப் படித்தவர்களுக்கும் ஒத்துப்போகிற ஒரே விஷயம் இந்த இளக்காரம்தான். 

அண்ணாச்சியிடம் சொன்னேன். அவராவது சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன். "சவத்த விடும்மா. பிள்ளைக ஆசப்பட்டு செய்யுதுக" என்றார். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பது சும்மாவா? அந்த நிமிஷம் அவர்மேலும் எனக்குக் கோபம்தான்.

சாப்பாட்டு ஹாலில் பிளாஸ்டிக் சாமந்தி மாலைகள் தொங்கின. அண்ணாச்சி உள்ளே நுழைந்ததும் டோல் அதிர்ந்தது. யாரோ ஓடிவந்து, ஜிகினா ஒட்டிய சிவப்புத் தலைப்பாகை ஒன்றை அவர் தலையில் கவிழ்த்தார்கள். ராஜஸ்தான் கல்யாண மாப்பிள்ளை வைத்துக்கொள்வது. கோவில்பட்டி எங்கே, அது எங்கே. கொஞ்சம் பெரிதாகவும் இருந்தது, புருவம்வரை இறங்கியது. ஹிந்திப் பாட்டு போட்டு நாலைந்து பேர் ஆடினார்கள். வைஸ் பிரசிடென்ட் அம்மாள் ரொம்பச் சந்தோஷமாகக் கை தட்டினார். அண்ணாச்சி சமோசாத் தட்டைப் பிடித்துக்கொண்டு, எல்லோரையும் பார்த்துச் சிரித்தபடி நின்றார். என் கைப்பைக்குள் சிடி இருந்தது. அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. சாப்பிடாமல் சுவரோரமாக நின்றேன்.

கடைசியில் அவரை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். மைக்கை வாங்கியவர் தலைப்பாகையைக் கழற்றவில்லை. கழற்றினால் பிள்ளைகள் வருத்தப்படுமே. அவருடைய அந்தக் கோவில்பட்டி ஆங்கிலத்தில், எனக்குப் பேசத் தெரியாது, ஒரு பாட்டை மட்டும் சொல்கிறேன் என்றார். ராகமெல்லாம் இல்லை. ஒரு தம்பி, ஓர் அண்ணன், ஒரு நிலம். தம்பி ராத்திரியில் நெடுந்தூரம் வருகிறான். வாசலுக்கு எதிரே வண்டியை நிறுத்துகிறான், உட்கார்ந்திருக்கிறான். ஹால் அடங்கிவிட்டது. டோல்காரர்கூடத் தோளிலிருந்த வாரைக் கழற்றிவிட்டுக் கேட்டார்.

இந்த இடத்தில் சிடி குதிக்கும் என்று என் காது பழக்கதோஷத்தில் காத்திருந்தது. அண்ணாச்சி குதிக்கவில்லை. கீறல் விழுவதற்கு முன்பே வருஷக்கணக்கில் கேட்டவர் அல்லவா? நான் கேட்டேயிராத அந்த வரியைச் சொன்னார். அண்ணன் கதவைத் திறந்து வெளியே வருகிறான். வண்டியைப் பார்க்கிறான். ஒன்றும் பேசாமல், வாசல் விளக்கை அணைக்காமல் உள்ளே போகிறான்.

அப்புறம்தான் தம்பி வண்டியைத் திருப்புகிறான். இத்தனை நாளும் அண்ணன்காரன் தூங்கிக்கொண்டிருந்தான் என்றல்லவா நினைத்திருந்தேன். அண்ணாச்சி தினமும் எதற்காக அப்படிக் கத்தினார் என்பது அன்றைக்குத்தான் எனக்கு விளங்கியது.

பலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். கலிஃபோர்னியாவும் ஹைதராபாத்தும் சீனாவும் நிறைந்திருந்த அந்த ஹாலில், டெக்சஸில் பிறந்தவர் அன்றைக்கு ஒருவர்கூட இல்லை. வைஸ் பிரசிடென்ட் அம்மாள் அண்ணாச்சியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, எவ்வளவு ஆழமான கதை, இது உங்கள் பழைய நூல்களில் வருவதா என்று கேட்டார். அண்ணாச்சி வாயைத் திறப்பதற்குள் டைரக்டர் முந்திக்கொண்டு, ஆமாம், எங்கள் பக்கத்து நாட்டுப்புற மரபு, வாய்மொழியாக வருவது என்றார். கூசாமல் சொன்னார். நான் சுவரோரத்திலிருந்து, "இது டெக்சஸ் பாட்டு" என்று உரக்கவே சொன்னேன். பையிலிருந்து சிடியை எடுத்துக் காட்டினேன். அந்த அம்மாள் நல்ல நகைச்சுவையைக் கேட்டதுபோல் சிரித்துவிட்டு, அடுத்த மீட்டிங்குக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். அண்ணாச்சியும் சிரித்தார். எனக்கு மட்டும்தான் சிரிப்பு வரவில்லை.

அத்தோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஆபீஸ்காரர்கள் தங்களைத் தாங்களே புகழ்ந்துகொள்ளும் வலைத்தளம் ஒன்று இருக்கிறதல்லவா, அதில் டைரக்டர் இந்தக் கதையை எழுதினார். தலைப்பாகையோடு அண்ணாச்சி படம். நம் முன்னோர் சொன்ன தலைமைப் பண்பு என்று தலைப்பு. அதில் தம்பி வண்டியைவிட்டு இறங்கி ஓடுகிறான், அண்ணன் கட்டித் தழுவுகிறான், இருவரும் சேர்ந்து நிலத்தை உழுகிறார்கள். முடிவையே மாற்றிவிட்டார். கேப்பையில் நெய் வடிகிறது என்றாலும் கேட்பதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள், பாராட்டுகள் கைகூப்பிய படங்களாகக் குவிந்தன. பாட்டைத் தடுத்ததைக்கூட மன்னிக்கலாம். இறங்காதவனை இறங்க வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை. அவன் இறங்கவில்லை என்பதால்தானே ஒரு மனுஷன் இத்தனை வருஷம் டேஷ்போர்டைப் பார்த்துக் கத்தினார். இது டெக்சஸ் பாட்டு, முடிவு இதுவல்ல என்று அதன் அடியில் எழுதினேன். மறுநாள் என் வரியைக் காணோம்.

விருந்து நடந்த அன்று சாயங்காலம், கடைசித் தடவையாக அவர் வண்டியில் வீட்டுக்கு வந்தபோது, சிடியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை. "எனக்கு மனப்பாடம்மா. நீ வச்சுக்கோ" என்றார். அன்று வழியெல்லாம் பாட்டில்லாமல் வந்தோம்.

பிறகு எடிசனிலிருந்து எப்போதாவது போன் வரும். ரயில் சத்தம், பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் பதில் சொல்வது, இந்தியக் கடைகள் நிறைந்த ஓக் ட்ரீ ரோட்டில் கார் நிறுத்த இடம் கிடைக்காதது என்று பேசிக்கொண்டிருப்பார். அப்புறம் கொஞ்ச நாள் போனே இல்லை. ஒருநாள் காலை நான் டோல்வேயில் போய்க்கொண்டிருக்கும்போது மணி அடித்தது. இந்திய நம்பர். ஸ்பீக்கரில் போட்டேன்.

"யம்மா, வண்டியிலயா போற?"

"ஆமா அண்ணாச்சி. நீங்க எங்க இருக்கீங்க?"

"நானும் வண்டியிலதான் இருக்கேன். வாடகைக் காரு. டிரைவர் டீ குடிக்கப் போயிருக்கான். எங்கண்ணன் வீட்டு வாசல்ல நிக்கேன். வந்து ரொம்ப நேரமாச்சு."

ஸ்பீக்கர் சத்தத்தைக் கூட்டினேன். அவரே மறுபடி பேசினார். குரல் ஒருமாதிரி இருந்தது.

"இன்னும் இருட்டக்கூட இல்லம்மா. வெயில் அடிக்கி. வாசல்ல லைட்டு எரியுது."

"எறங்குங்க அண்ணாச்சி."

அங்கே ஒரு பஸ் ஹாரன் கேட்டது. என்னைச் சுற்றி நூறு வண்டி ஓடிக்கொண்டிருந்தது. நான் ஸ்டியரிங்கைத் தட்டி, வாழ்க்கையில் முதல்தடவையாக, என்னைவிட இருபது வயது மூத்த மனிதரை, "எறங்குல, மூதி" என்று கத்தினேன்.

அவர் சிரித்தாரா, இருமினாரா என்று சொல்ல முடியவில்லை. கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. போனைக் கட் பண்ண மறந்து சட்டைப்பையில் போட்டுக்கொண்டார் போலிருக்கிறது. செருப்புச் சத்தம் கொஞ்ச தூரம் கேட்டது. பிறகு நானே அணைத்துவிட்டேன்.

உள்ளே போய் என்ன நடந்தது என்று நான் இன்றுவரை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. டைரக்டரின் கதை இன்னும் அந்த வலைத்தளத்தில் இருக்கிறது. அதில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து உழுதுகொண்டிருக்கிறார்கள், கைகூப்பிய படங்கள் இன்னும் விழுகின்றன. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. நடுப்பெட்டியைத் திறந்து சிடி இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன். இந்தக் காரில் அதைப் போட முடியாது என்று என் கணவர் மறுபடியும் சொல்கிறார். ஐந்தாவது பாட்டை நான் வாய்விட்டே சொல்லிக்கொண்டு போகிறேன், கீறல் விழுந்த அந்த வரியையும் சேர்த்து.